வரப்பில் படித்துக் காட்டிய போஸ்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

தொழுநோய் ஆராய்ச்சி மாநாடு ஒன்றுக்கு எங்கள் குழு ஒரு மின் போஸ்டர் அனுப்பியது. காவிரி டெல்டாவில் வயல்வேலை செய்யும் ஒரே ஒரு அம்மாவின் பாதப்புண்ணைப் பற்றியது அது. கடைசி நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது, வேலை முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூத்த மருத்துவர்கள் இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அந்த அம்மாவிடமே போய்ப் படித்துக் காட்டினோம். திரும்பி வந்து பாதிக்கு மேல் மாற்றினோம். என்ன மாற்றினோம், ஏன் அது முன்னாலேயே எங்கள் கண்ணில் படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்து போஸ்டர் போடப்போகும் பிசியோதெரபிஸ்ட், கள மேற்பார்வையாளர், பயிற்சி மருத்துவர் யாருக்காவது பயன்படும்.

அந்த அம்மாவின் பெயரும் ஊரும் எங்கள் மருத்துவமனையின் பெயரும் இங்கே வராது. அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். காரணம் போகப் போகப் புரியும்.

யாருடைய கால்

அறுபதைத் தாண்டியவர். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். நடவு, களையெடுப்பு, அறுப்பு, களத்துவேலை என்று வருஷம் முழுக்க வயலோடுதான் வாழ்க்கை. 1990களின் தொடக்கத்தில் தொழுநோய் என்று கண்டுபிடித்து, இரண்டு வருஷம் கூட்டு மருந்து சாப்பிட்டு முடித்தவர். கிருமி அதிகமுள்ள வகைக்கு அந்த நாளில் 24 மாதம் மருந்து கொடுத்தார்கள். பிற்பாடுதான் அது 12 மாதமானது. ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் சிவந்து பயந்ததும், க்ளோஃபாசிமினால் மேனி கறுத்துப்போய்த் தெருவில் கேள்வி கேட்டதும் அவருக்கு நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கிறது. ஊரில் வயதானவர்கள் இன்னும் இதைப் பெருவியாதி என்றுதான் சொல்கிறார்கள்.

நோய் எப்போதோ குணமாகிவிட்டது. அவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனால் மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே, கணுக்காலின் உள்பக்கமாகப் போகும் நரம்பு கெட்டுவிட்டது. அதனால் இரண்டு உள்ளங்காலிலும் உணர்ச்சி இல்லை. பத்து கிராம் நைலான் இழையை அது வளையும்வரை அழுத்தினாலும் அவருக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குக் கீழே பாதம் உருண்டு நிற்கிற மேட்டில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். கண்ணுக்குத் தெரிகிற புண் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இது இரண்டாம் நிலை ஊனம்.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை என்று 1940களின் கடைசியிலிருந்து வேலூரில் காட்டியவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். வலி தெரியாத கை சுடுபாத்திரத்தை விடாது. வலி தெரியாத கால் முள்ளின் மேல் நடந்துகொண்டே இருக்கும். அடிபட்ட இடத்திலேயே அடிபட்டுத்தான் எலும்பு வரை தேய்கிறது. எங்கள் போஸ்டருக்கு அடிப்படையான மருத்துவம் இவ்வளவுதான்.

புதிதாக நாங்கள் சொல்ல நினைத்தது, புண்ணின் அளவை விவசாயப் பருவத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்ததை. குறுவை நடவில் ஒரு முறை திறக்கிறது, ஆறுகிறது, சம்பா நடவில் மறுபடி திறக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கும் எங்கள் கட்டுப்போடும் அறையில் கூட்டம் சேர்வதற்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் பிரிவில் எல்லோரும் வாய்வார்த்தையாகச் சொல்வோம். ஒருவருடைய காலிலாவது அதை வரைபடமாக வரைந்து காட்டலாம் என்று தோன்றியது. சுருக்கம் எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். போஸ்டரைத் தயாரித்து அனுப்ப மூன்று வாரம் இருந்தது.

முதல் வடிவம்

விதிமுறை எளிமையாகத்தான் இருந்தது. ஒரே சிலைடு, படுக்கைவாக்கில் 16க்கு 9, பிடிஎஃப் கோப்பு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகக் கூடாது, அசையும் படம் கூடாது. அதை ஒழுங்காகப் படிக்காமல், முன்பு ஃப்ளெக்ஸில் அச்சடித்த பழைய போஸ்டர் கோப்பைத் திறந்து அதன் மேலேயே தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அது நிற்கிற வாக்கில் 84க்கு 119 சென்டிமீட்டர். ஃப்ளெக்ஸில் 24 புள்ளி எழுத்து நன்றாகவே தெரியும். அதே தாளைப் பவர்பாயின்டின் வழக்கமான அகலத்திரை சிலைடின் உயரத்துக்கு, அதாவது 19 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 4 புள்ளிக்கும் கீழே போய்விடும். எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. இரண்டு நாள் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலில் சிலைடின் அளவை அமைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். மின் போஸ்டர் என்பது அச்சுப் போஸ்டரின் சின்ன உருவம் இல்லை. பார்ப்பவர் தொடுதிரைக்கு முன்னால் இரண்டு நிமிஷம் நிற்பார், பின்னால் இன்னொருவர் காத்திருப்பார். முந்நூறு சொல்லுக்குள் முடித்து, எழுத்து 20 புள்ளிக்குக் குறையாமல் வைத்தபோதுதான் என்ன சொல்ல வருகிறோம் என்று எனக்கே தெளிந்தது.

தமிழ் எழுத்திலும் ஒரு தொல்லை. அந்த அம்மா சொன்ன ஒரு வரியைத் தமிழிலேயே வைத்து, கீழே ஆங்கிலத்தில் பொருள் கொடுத்திருந்தோம். அலுவலகக் கணினியில் பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துவிட்டார்கள். வேறு கணினியில் திறந்தால் அந்த வரி முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாக வந்தது. யூனிகோடில் மறுபடி அடித்து, எழுத்துரு உள்ளே பதியும்படி பிடிஎஃப் ஆக்கி, மூன்று பேருடைய கைபேசியில் திறந்து பார்த்த பிறகுதான் நிம்மதி.

வரைபடத்துக்குள் இருந்த பதிவேடு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புண்ணின் அளவைக் காட்டும் கோட்டு வரைபடத்தை எக்ஸெலில் போட்டு, அங்கிருந்து நகலெடுத்துப் பவர்பாயின்டில் ஒட்டியிருந்தேன். கோப்பு அளவு மிகவும் பெரிதாக இருந்தது. புகைப்படம்தான் காரணம் என்று நினைத்து அதைச் சுருக்கினேன். அப்படியும் குறையவில்லை. எங்கள் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்யும் தங்கை ஒருவர் வந்து, வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு சொடுக்கித் 'தரவைத் திருத்து' என்பதை அழுத்தினார். முழு எக்ஸெல் கோப்பும் திறந்துகொண்டது. நான் வரைபடம் போட்ட தாள் மட்டும் அதில் இல்லை. பக்கத்துத் தாளில் புண் சிகிச்சைக்கு வருகிற அத்தனை பேருடைய பெயர், ஊர், கைபேசி எண், ஊன நிலை எல்லாம் வரிசையாக இருந்தன.

வரைபடத்தை ஒட்டும்போது பணிப்புத்தகத்தை உள்ளே பதிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பணிப்புத்தகமும் கூடவே வந்துவிடும். திரையில் ஒரு கோடுதான் தெரியும். அந்தக் கோப்பைத்தான் நான் சக ஆசிரியர்கள் நான்கு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். நான்கு பேரும் எங்கள் மருத்துவமனைக்காரர்கள், அழித்துவிட்டார்கள். ஆனால் மாநாட்டுக்காரர்கள் பிடிஎஃப் கேட்காமல் பவர்பாயின்ட் கோப்பையே கேட்டிருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். ஒரு கிராமத்தில் யார் யாருக்குத் தொழுநோய் இருந்தது என்ற பட்டியல் வெளியே போனால் எத்தனை வீட்டில் கல்யாணம் நிற்கும், எத்தனை பேருக்கு நடவுக்கு ஆள் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று டெல்டாவில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் வரைபடத்தைப் படமாக மட்டுமே ஒட்டுகிறோம். வரைபடம் போடுகிற எக்ஸெல் கோப்பில் பெயர் என்ற நிரலே இருக்கக் கூடாது என்பதும் அன்றைக்கு எடுத்த முடிவு. அந்தத் தங்கையின் பெயரைப் போஸ்டரில் நன்றிப் பகுதியில் போட்டோம்.

அவரே இன்னொன்றையும் காட்டினார். பாதத்தின் புகைப்படத்தை அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் எடுத்திருந்தோம். பின்னால் கதவும், அதில் எழுதியிருந்த குடும்பப் பெயரும் விழுந்திருந்தன. நான் அதை வெட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பவர்பாயின்டில் க்ராப் செய்தால் வெட்டிய பகுதி மறைகிறதே தவிர அழிவதில்லை. ஓரத்தை இழுத்தால் கதவு திரும்ப வந்துவிடும். படத்தைச் சுருக்கும் இடத்தில் 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால்தான் உண்மையிலேயே போகும். கைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைக்காமல் எடுத்த படம் என்றால் எடுத்த இடமும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். அந்தப் படத்தின் கோப்புப் பெயரே அந்த அம்மாவின் பெயர்தான்.

வரப்பில்

ஒப்புதல் படிவம் எங்களிடம் இருந்தது. நெறிமுறைக் குழு கேட்டபடி தமிழில் அச்சடித்து, படித்துச் சொல்லி, சாட்சியோடு கைநாட்டு வாங்கியது. அதுவே போதும் என்று ஒருவர் சொன்னார். சிகிச்சைக்காக எடுக்கும் படத்துக்கு ஒப்புவது வேறு, இணையத்தில் என்றைக்கும் இருக்கப்போகிற படத்துக்கு ஒப்புவது வேறு. முடிந்த போஸ்டரைக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சம்பா நடவு நேரம், அவர் மருத்துவமனைக்கு வர மாட்டார். நானும் எங்கள் கள மேற்பார்வையாளர் அண்ணனும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனோம்.

வேலை முடித்து நடவுக்காரப் பெண்கள் கரையேறிப் போன பிறகு, மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. அண்ணன் துண்டை விரித்து நிழல் கட்டினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் அவர் பார்த்தது படத்தை.

"இது என் காலுல்ல?"

"ஆமாம்மா. மொகம் எதுவும் இல்ல, பேரும் இல்ல."

"மொகம் எதுக்கு தம்பி? வரப்புல என் காலடி விழுந்து கெடந்தாலே யாரு போன தடம்னு எங்க செட்டுக்காரிங்க சொல்லிடுவாளுங்க. ரெண்டு வெரலு மொட்டையா இருக்குல்ல. பேத்திக்கு வேற மாப்புள பாத்துக்கிட்டு இருக்கோம்."

கைநாட்டு வைத்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்க, வச்சேன். இம்மாம் பெருசா கலர்ல வரும்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. படிவத்தில் 'புகைப்படம் கல்வி நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படும்' என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்டு யாரால் ஒரு தொடுதிரையைக் கற்பனை செய்துகொள்ள முடியும்?

கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தால் அடையாளம் மறையாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்லியிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியும். முகமே இல்லாத படத்துக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைத்துவிட்டோம். சேற்றில் தினமும் பத்துப் பேர் சேர்ந்து நடக்கிற ஊரில் காலுக்கும் முகம் உண்டு.

படத்தை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு மேலே படித்தேன். கடைசிப் பெட்டியில், முடிவு என்ற தலைப்பின் கீழ், 'நான்-கம்ப்ளையன்ட்' என்று ஒரு சொல். நோயாளி காலணி விஷயத்தில் ஒத்துழைக்காதவர் என்று பொருள். ஆங்கிலத்தில் அது எங்கள் தொழிலில் தினம் எழுதுகிற சொல். நானே நூறு அட்டையில் எழுதியிருப்பேன். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் தமிழில் சொல்ல வேண்டியபோது நாக்கு தடுமாறியது. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் சொல்பேச்சு கேக்காதவளா தம்பி?"

நான் பதில் தேடுவதற்குள் கையை நீட்டிக் காட்டினார். வரப்பு ஓரத்தில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் நாங்கள் கொடுத்த எம்சிஆர் செருப்பு. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், மேலே பாரத்தைப் பரப்பித் தாங்கும் மெத்தென்ற நுண்துளை ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் வார். தண்ணீர் படாமல் சுற்றி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லும் வைத்திருந்தார்.

"வீட்டுலேருந்து வரப்பு வரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் வர்றேன். வயல்ல எறங்குனா ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள செருப்பு சேத்தோட போயிடும், காலு மட்டும் மேல வரும். நடவுன்னா பின்னாலயே போவணும். குனிஞ்சு நிமிராம நாத்த ஊனிக்கிட்டே பின்னால போறவ செருப்பத் தேடிக்கிட்டு நிக்க முடியுமா? வரிசை என்னாவுறது?"

உண்மைதான். நடவில் எல்லோரும் ஒரே வரிசையாகப் பின்வாங்குகிறார்கள். ஒருத்தர் நின்றால் மற்றவர்களும் நிற்க வேண்டும். பின்பக்கம் எங்கே கால் வைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது, இவருக்குக் காலுக்கும் தெரியாது. சேற்றுக்கு அடியில் போன அறுவடையின் அரிதாள் இருக்கும், நத்தை ஓடு இருக்கும். மற்றவர்கள் குத்தியதும் காலைத் தூக்கிவிடுவார்கள். இவர் ஊன்றிக்கொண்டே போவார். மாலையில் வாய்க்காலில் கால் கழுவும்போது தண்ணீரில் ரத்தம் கலந்தால்தான் தெரியும்.

இத்தனையையும் நான் பல வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட பிறகு முதல்முறையாக வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் போஸ்டர் கேள்வியையே தப்பாகக் கேட்டிருந்தது. 'இவர் ஏன் காலணி அணியவில்லை' என்று கேட்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது, 'சேற்றுக்குள் போகிற காலணியை நாம் ஏன் இன்னும் செய்யவில்லை' என்பதுதான்.

என்ன மாறியது

புகைப்படம் போனது. அதற்குப் பதில், உணர்ச்சிப் பரிசோதனை அட்டையில் நாங்கள் எப்போதும் பயன்படுத்தும் உள்ளங்கால் கோட்டுப்படத்தில் புண்ணின் இடத்தையும் உணர்ச்சி இல்லாத பகுதியையும் குறித்தோம். மொட்டை விரல்களை வரையவில்லை. படம் முன்னைவிடத் தெளிவாகவே இருந்தது. வயது 'அறுபதுகளில்' என்றானது, ஊர் 'காவிரிப் படுகை' என்றானது. வரைபடத்தின் கீழ்க்கோட்டில் மாதங்களின் பெயரோடு குறுவை நடவு, களை, அறுப்பு, சம்பா நடவு என்று வேலையின் பெயரையும் எழுதினோம். முடிவுப் பெட்டி முழுவதையும் அழித்துப் புதிதாக எழுதினோம். அதில் செருப்பைப் பற்றி அவர் சொன்ன வரி, அவர் சொன்ன தமிழிலேயே, மேலே நின்றது. பழைய வரியைவிட இதைப் போடலாம் என்று அவரே சொன்னார்.

ஏற்கெனவே ஏற்கப்பட்ட சுருக்கத்தில் மட்டும் அந்தச் சொல்லை மாற்ற முடியவில்லை. திருத்தம் அனுப்பும் காலம் முடிந்திருந்தது. சுருக்கங்களின் தொகுப்பில் 'ஒத்துழைக்காதவர்' என்றுதான் இன்றும் இருக்கிறது. அது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. சுருக்கம் அனுப்பும் முன்பே படித்துக் காட்டியிருக்க வேண்டும். இருநூற்றைம்பது சொல்தான், பத்து நிமிஷ வேலை.

தொழுநோய் மாநாடுகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கடன் உண்டு என்று நான் நினைக்கிறேன். 1897ல் பெர்லினில் கூடிய முதல் சர்வதேச மாநாடு, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதே வழி என்றது. அடுத்த வருஷமே இந்தியாவில் தொழுநோயாளிகளை அடைத்துவைக்கச் சட்டம் வந்தது. அந்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் நீக்கப்பட்டது 2016ல்தான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்று தனிநபர் சட்டங்களில் இருந்ததை எடுக்க 2019 வரை ஆனது. மாநாட்டில் எழுதப்படும் ஒரு சொல் மண்டபத்தோடு நின்றுவிடுவதில்லை.

அனுப்பும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி நேரம் கிரீன்விச் கணக்கில் இரவு 23:59 என்று போட்டிருந்தார்கள். நம் கணக்கில் அது மறுநாள் காலை 5:29. எங்களில் பாதிப் பேர் இன்னும் நேரமிருக்கிறது என்றார்கள், பாதிப் பேர் பதறினார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெல்டாவில் மின்சாரத்தையும் நெட்டையும் நம்பி உட்கார முடியாது. இரண்டு நாள் முன்னாலேயே ஏற்றினோம். ஏற்றியதை நாங்களே தரவிறக்கி, திறந்து பார்த்து, வந்த ரசீது எண்ணை எழுதி வைத்துக்கொண்டோம்.

மாநாட்டில் எங்களுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர், நெல் விளையும் வேறு நாடுகளில் வேலை செய்கிறவர்கள், வரைபடத்தையும் அந்தத் தமிழ் வரியின் பொருளையும் படித்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சேற்றில் என்ன போடுகிறீர்கள்? எங்களிடம் பதில் இல்லை என்று சொன்னோம். அவர்களிடமும் இல்லை.

திரும்பி வந்ததும் எங்கள் காலணிக் கூடத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் போஸ்டரைக் காட்டினேன். அவர் மறுநாளே வயலைப் பார்க்க வேண்டும் என்றார். முதல் மாதிரி, கணுக்கால் வரை வாரிட்டது, சேற்றில் நாலு எட்டு தாங்கியது. இரண்டாவதில் அடியில் தண்ணீர் போக ஓட்டை வைத்தார். சேறு விட்டது, ஆனால் ஓட்டை வழியாக அரிதாள் ஏறிவிடும்போல் இருந்தது. மூன்றாவது இப்போது தைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா களத்தில் நெல் தூற்றும் வேலைக்குச் செருப்போடு போகிறார். நடவுக்கு இறங்கிய நாட்களில் பேத்தி அவருடைய காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். புண் சின்னதாக இருக்கும்போதே போன் செய்கிறாள்.